துவைத்துப் போடுற பொருளுக்கு எந்தக் கோட்? – கேள்வி பதில்

அமெரிக்க இன்ஷூரன்ஸுக்கான டி.எம்.இ. பில்லிங்கில், அதாவது நோயாளி வீட்டுக்குப் போகிற மருத்துவப் பொருட்களுக்குப் பணம் கேட்கும் கிளைம்களில், சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பொருளா, துவைத்து மறுபடி போடும் பொருளா?

கேள்வி: மேடம், நான் ஃபிரெஷர். ட்ரெயினிங்ல சி.பி.டி. மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாங்க. இப்ப டி.எம்.இ. புராஜெக்ட்ல போட்டுட்டாங்க. ஹிக்பிக்ஸ் வேற உலகமா இருக்கு.

பயப்பட வேண்டாம். சி.பி.டி. கோடுகள் பெரும்பாலும் டாக்டர் செய்த வேலைக்கு. அதை வெளியிடுவது அமெரிக்க மருத்துவச் சங்கம். நோயாளி கைக்குப் போகும் பொருளுக்கு ஹிக்பிக்ஸ் (HCPCS) என்ற கோட் தொகுப்பின் இரண்டாம் நிலை. அதைப் பார்த்துக்கொள்வது சி.எம்.எஸ்., அதாவது அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைக் கவனிக்கும் அமைப்பு. ஓர் எழுத்து, நான்கு எண், அவ்வளவுதான். ஏ-யில் தொடங்குபவற்றில் சப்ளைகள் நிறைய, ஈ-யில் உபகரணங்கள். டி (T) வரிசை மாநில மெடிகெய்டுகளுக்காக (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) வைத்தது; மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) அதை ஏற்காது.

இன்னொன்று. போனில் பேயரிடம், அதாவது பணம் கொடுக்கும் காப்பீட்டுத் தரப்பிடம், பேசும்போது ‘டி ஃபார் டாம்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். ‘டி ஃபார் டாக்’ என்று காதில் விழுந்தால் அது பல் மருத்துவக் கோட் வரிசை. அந்தப் பக்கம் இருப்பவர் பத்து நிமிடம் தேடிவிட்டு ‘அப்படி எதுவும் இல்லை’ என்பார். நான் கீழே எழுதும் டி எல்லாம் டாம் டி-தான்.

கேள்வி: ஆர்டர்ல ‘அண்டர்பேட்’னு மட்டும் இருக்கு. டி4541 போட்டு அனுப்பினோம். பேயர் ரெக்கார்ட்ஸ் கேட்டு, பொருள் வேற, கோட் வேறன்னு திருப்பிட்டாங்க. ஏன்?

படுக்கையில் விரிக்கும் அண்டர்பேடுக்கு மட்டும் எத்தனை கோட் என்று பாருங்கள். தூக்கி எறியும் வகையில் பெரியது டி4541, சிறியது டி4542. துவைக்கும் வகையில் படுக்கை அளவு டி4537, நாற்காலி அளவு டி4540. இதற்கு மேல் ஏ வரிசையிலும் இரண்டு: எறிவதற்கு ஏ4554, எறியாததற்கு ஏ4553. எந்த மாநில மெடிகெய்டு எதைக் கேட்கிறது என்பது அவரவர் கட்டண அட்டவணையில் இருக்கும். முதலில் அதைத் திறங்கள்.

ஆர்டரில் ‘அண்டர்பேட்’ என்று மொட்டையாக இருந்தால் டெலிவரி டிக்கெட்டைப் பாருங்கள். பொருளின் பெயரோடு ‘வாஷபிள்’ அல்லது ‘ரீயூசபிள்’ என்று இருக்கும். 150 எண்ணிக்கை கொண்ட அட்டைப்பெட்டி என்றால் எறியும் வகை. ஒன்றோ இரண்டோ போயிருந்தால் அநேகமாகத் துணி. ஆனால் இந்த ஊகத்தை வைத்துக் கோடை மாற்றாதீர்கள். சப்ளையருக்கு மெயில் போட்டு, டாக்டரிடமிருந்து திருத்திய ஆர்டர் வாங்கச் சொல்லுங்கள். பொருள் ஒன்று, கோட் வேறு என்றால் தணிக்கையில் கொடுத்த பணத்தையே திரும்பக் கேட்பார்கள்.

கேள்வி: அக்கா, துவைக்கிற புல்-ஆன் உள்ளாடைக்கு மீடியம், லார்ஜ்னு தனித்தனி கோட் தேடிட்டு இருக்கேன். கிடைக்கவே மாட்டேங்குது.

கிடைக்காது. எறியும் வகையில்தான் சைஸுக்கு ஒரு கோட்: பெரியவர்களுக்கான பிரீஃப் (டயப்பர்) டி4521 முதல் டி4524 வரை, புல்-ஆன் டி4525 முதல் டி4528 வரை. துவைக்கும் புல்-ஆன் எந்த சைஸானாலும் டி4536. துவைக்கும் டயப்பர் எந்த சைஸானாலும் டி4539. ஆர்டரில் சைஸை எடுப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தே பலர் டி4526 பக்கம் போய்விடுகிறார்கள்.

கேள்வி: யூனிட் எப்படிப் போடறது? சப்ளையர் ‘1 பேக்’னு அனுப்பறாங்க.

இந்த டி கோடுகளின் விவரணை எல்லாமே ‘ஒவ்வொன்றும்’ என்ற கணக்கில்தான் முடியும். பேக்கில் இரண்டு பேட் இருந்தால் யூனிட் 2. எறியும் டயப்பரில் ஒரு பெட்டியை 1 என்று போட்டால் சப்ளையருக்கு ஒரு டயப்பரின் காசுதான் வரும். அவர் அடுத்த நாள் உங்கள் டீம் லீடருக்குப் போன் போடுவார்.

கேள்வி: சிபேப் (தூக்கத்தில் மூச்சுவிட உதவும் மெஷின்) ஃபில்டருக்கு அடிக்கடி சி.ஓ. 151-னு மறுப்பு வருது. ஒவ்வொரு மாசமும் ஒழுங்காத்தான் அனுப்பறாங்க.

ஒழுங்காக மாதாமாதம் அனுப்புவதுதான் சிக்கல். எந்தக் கோடில் அனுப்புகிறார்கள்? ஏ7038 எறியும் ஃபில்டர், ஏ7039 கழுவி மாட்டும் ஃபில்டர். மெடிகேரில் ஏ7038 மாதத்துக்கு 2 வரை, ஏ7039 ஆறு மாதத்துக்கு 1. ஏ7039-ஐ மாதாமாதம் அனுப்பினால் ‘இத்தனை தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று 151 விழத்தான் செய்யும்.

பல மெஷின்களில் இரண்டுமே இருக்கும். மூடியைத் திறந்தால் வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஸ்பாஞ்சு மாதிரி ஒன்று. அதைக் குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி மாட்டலாம். அதற்குப் பின்னால் வெள்ளையாக, காகிதம் போல மெல்லிசாக ஒன்று. அழுக்கானால் குப்பைக்குப் போக வேண்டியதுதான். ஆர்டரில் ‘ஃபில்டர்ஸ்’ என்று ஒரே வரி இருந்தால் எது என்று கேட்காமல் சார்ஜ் என்ட்ரி போடாதீர்கள்.

நெபுலைசர் செட்டிலும் இதே கதைதான்: எறியும் செட் ஏ7003 மாதத்துக்கு 2, எறியாத செட் ஏ7005 6 மாதத்துக்கு 1. மெடிகேர் நோயாளிக்கு ரீஃபில் அனுப்பும்போது, கையில் இருப்பது தீர 10 நாளுக்கு மேல் இருக்கும்போதே டெலிவரி ஆகியிருக்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) ஏ4351-ல எறியறதா, கழுவறதான்னு எதுவுமே போடலையே? மாசம் 180 பில் பண்றாங்க, நம்பவே முடியல.

நம்பலாம். இது எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு காலத்தில் மெடிகேர் இதற்கு மாதம் 4தான் கொடுத்தது. நோயாளி அதையே சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் என்று கணக்கு. சிறுநீர்த் தொற்றோடு மல்லாடியவர்களும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர் அமைப்புகளும் தொடர்ந்து கேட்டதன் பேரில் 2008 ஏப்ரலில் விதி மாறியது. இப்போது ஒவ்வொரு முறைக்கும் புதிது ஒன்று, மாதம் 200 வரை. கோட் மாறவில்லை, அதன் பின்னால் இருந்த எண்ணம் முழுக்க மாறிவிட்டது.

180 என்பது ஒரு நாளைக்கு 6 முறை, 30 நாள். அந்த ‘6 முறை’ டாக்டர் குறிப்பிலும் இருக்க வேண்டும், ஆர்டரிலும் இருக்க வேண்டும். ஆர்டரில் 6, குறிப்பில் 4 என்றிருந்தால் அப்பீல் போட்டும் பயனில்லை. பாதிப்பு நிரந்தரமானது என்று குறிப்பில் இருந்தால் கோடோடு கே.எக்ஸ். மாடிஃபையர் (விதிப்படி தகுதி இருக்கிறது என்று காட்டும் இரண்டெழுத்துக் குறி) சேருங்கள். வளைந்த முனை கொண்டது ஏ4352; நேரான முனை ஏன் ஒத்துவராது என்ற காரணம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: நான் கோடர் இல்லை, டெக்ஸஸில் இருக்கிறேன். அம்மாவுக்கு மெடிகேர் மட்டும் இருக்கிறது. பெரியவர்களுக்கான டயப்பர், துவைக்கும் பேட் இரண்டுக்கும் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காதுங்க. சிறுநீர் அடக்க முடியாததற்கான உள்ளாடை, பேட் எதையும் ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்துவது) கொடுப்பதில்லை. கோட் எப்படிப் போட்டாலும் பதில் ஒன்றுதான். தனியார் நிறுவனங்கள் நடத்தும் சில மெடிகேர் அட்வாண்டேஜ் பிளான்களில் மருந்துக்கடைப் பொருட்களுக்கென்று ஒரு தொகை வரும். அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, அதில் டயப்பர் வாங்கலாமா என்று கேளுங்கள். வருமானம் குறைவு என்றால் மெடிகெய்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். அங்கேதான் இந்த டி கோடுகளுக்கு உயிர். டாக்டரிடம் போகும்போது அடக்க முடியாததற்கான காரணத்தைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வெறும் ஆர்.32 (வகை குறிப்பிடாத சிறுநீர்க் கசிவு) என்ற நோய்க் கோட் மட்டும் இருந்தால், காரணமான நோய் எது என்று பல இடங்களில் கேட்பார்கள்.

கேள்வி: நம்ம ஊர் இன்ஷூரன்ஸ்ல இப்படிக் கோட் உண்டா?

இந்த ஹிக்பிக்ஸ் இங்கே கிடையாது. ஆனால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் (இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) பட்டியலைப் பார்த்திருப்பீர்கள்: பாலிசியில் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய டயப்பர், கையுறை, நெபுலைசர் கிட் எல்லாம் நம் கைக்காசுதான். துவைப்பதா எறிவதா என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: டி4538-னு ஒண்ணு பார்த்தேன், ‘டயப்பர் சர்வீஸ்’னு போட்டிருக்கு. நிஜமாவே இருக்கா?

இருக்கிறது. அழுக்கு டயப்பரை எடுத்துப் போய் வெளுத்துக் கொண்டுவந்து தரும் சேவைக்கான கோட். அதுவும் ஒவ்வொரு டயப்பருக்கும் ஒரு யூனிட். டி4539 துணியை வாங்கிக் கொடுப்பதற்கு, டி4538 அதை வெளுத்துத் தருவதற்கு. சப்ளையர் துணியை மட்டும் விற்றிருந்தால் 4538 போடக் கூடாது.