மனநலச் சிக்கலுள்ள இளைஞர்களோடு பழகப்போகும் தொண்டர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு கோயில் சங்கத்தின் இளைஞர் மன்றத்தை நடத்துபவர் இதைக் கேட்டிருக்கிறார். அவரிடம் எட்டுத் தொண்டர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் இருபதுகளில். மன்றத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் மனநல மாத்திரை எடுக்கிறார்கள், சிலர் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர்கள். இரண்டு நாள் பயிற்சி வைக்கப்போகிறோம், ஒரு மனநல மருத்துவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறோம், வேறு என்ன சேர்க்கலாம் என்பது அவருடைய கேள்வி.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பன் வந்து 19 வருடம் ஆகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயில் தமிழ் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவள், அதை ஒட்டி நடந்த சனிக்கிழமை இளைஞர் குழுவில் நின்றுவிட்டேன். அதனால் இதைப் படித்துச் சொல்லவில்லை, ஒரு தவறு செய்து, அதிலிருந்து கற்றுக்கொண்டு சொல்கிறேன்.

மருத்துவரை முதல் நாள் பேசவிடாதீர்கள். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதல் நாளே வைத்தோம். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். மனச்சோர்வு, மனம் அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார், இல்லாத குரல் கேட்கக்கூடிய ஸ்கிசோஃப்ரினியா என்று ஒவ்வொன்றுக்கும் அறிகுறிகளைத் திரையில் காட்டினார். தொண்டர்கள் நோட்டு நிறைய எழுதிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமையே அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அவன் வேகமாகப் பேசுகிறானே, பைபோலாராக இருக்குமோ" என்று ஒரு பெண் என்னிடம் கிசுகிசுத்தாள். நானும் தலையாட்டினேன். 17 வயதுப் பையன் ஒருவன் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் அவனைப் பார்த்தேன். வாளியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, உதவி செய்துகொண்டிருந்தான். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். இங்கே பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஆன்ட்டி, முன்னாடி நான் லேட்டா வந்தா திட்டுவீங்க. அந்த டிரெய்னிங்குக்கு அப்புறம் யாருமே என்னைத் திட்டல."

அன்றைக்கு எனக்குக் கூழ் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினோம். இப்போது முதல் நாள் காலையில் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பிள்ளை நம்மோடு சேர்ந்து இருக்க முடியாமல் தடுப்பது எது? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் வந்தது, தென்னாப்பிரிக்கா 2007-இல் அதை ஏற்று உறுதி செய்தது. இயலாமை என்பது ஒருவருடைய உடம்பிலோ மனத்திலோ இருப்பதோடு முடிவதில்லை, சுற்றியிருக்கும் தடைகளும் சேரும்போதுதான் அவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குகொள்ள முடியாமல் போகிறது என்பது அதன் பார்வை. மனநலச் சிக்கலால் வரும் இயலாமையை உளசமூக மாற்றுத்திறன் என்று சொல்வதும் இதனால்தான். தொண்டர்களுக்கு இதைச் சட்டமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். மன்றத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, தடைகளை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவை இவை: கூட்டம் காலை எட்டரைக்கு. இரவு மாத்திரை போடுகிறவனுக்கு அந்த நேரத்தில் கண்ணே திறக்காது. மூன்று முறை வராவிட்டால் பெயர் நீக்கம் என்று ஒரு விதி. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்தவள் அதிலேயே வெளியே போய்விட்டாள். ஒலிபெருக்கிச் சத்தம். வெளியே போய் மூச்சு வாங்க ஓர் இடம் இல்லாதது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில், காசு செலவில்லாமல் மாற்றினோம். கூட்டம் பதினொரு மணிக்குப் போனது. அவ்வளவுதான், நான்கு பேர் திரும்பி வந்தார்கள்.

பிறகு மருந்து. நோயின் பெயரைவிட மருந்து என்ன செய்யும் என்பதுதான் தொண்டருக்கு அதிகம் வேண்டும், இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், எடையை ஏற்றும், வாயை வறட்டும், கையை நடுங்க வைக்கும். சில மாத்திரைகள் ஓர் இடத்தில் உட்கார விடாத தவிப்பைத் தரும். அந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து எழுந்து நடக்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் சோம்பேறி என்பார், இல்லாவிட்டால் மரியாதை இல்லாத பிள்ளை என்பார். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எடுக்கும் பிள்ளையை பிப்ரவரி வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் இரண்டு மணி நேரம் கால்பந்து ஆடவிடக்கூடாது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கணுக்கால் பிசகினால் நாமே முதலுதவிப் பெட்டியிலிருந்து ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவோம், அதுவும் லித்தியத்தை ஏற்றக்கூடியது. வாந்தி, பெரிய நடுக்கம், நடை தள்ளாடுவது என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் மருத்துவரை இந்த ஒரு தலைப்பில் மட்டும் ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள், கோடிப் புண்ணியம்.

யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது என்றால் என்னவென்று காட்ட ஒரு பயிற்சி உண்டு. மூன்று பேர். ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், மூன்றாமவர் காகிதக் குழாய் வழியாகப் பதில் சொல்பவரின் காதில் விடாமல் கிசுகிசுப்பார். நானும் உட்கார்ந்து பார்த்தேன், என் பிள்ளைகளின் பிறந்த தேதியே எனக்கு வாயில் வரவில்லை. நல்ல பயிற்சிதான், ஆனால் அதோடு விட்டுவிட்டால் கெடுதல். இப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் பிறகு இரக்கம் கூடுகிறது, அதே சமயம் விலகி இருக்கும் ஆசையும் கூடுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஐயோ பாவம், நம்மால் ஆகாது என்று ஒதுங்கிவிடுவார்கள். அதனால் அந்தப் பயிற்சி முடிந்ததும், குரல் கேட்டுக்கொண்டே படிப்பையோ வேலையையோ நடத்துகிற ஒருவர் வந்து பேச வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் காகிதக் குழாயே வேண்டாம்.

தற்கொலை பற்றிக் கேட்கும் பயிற்சியை மட்டும் குறைக்காதீர்கள். 15 முதல் 29 வயதுக்குள் சாவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் அதைச் சொல்கிறது. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. ஆனால் அந்த வாக்கியம் வாயில் வராது. எங்கள் தொண்டர்கள் "நீ தப்பாக எதுவும் யோசிக்கவில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்? இருவர் இருவராக உட்காரவைத்து, ஆங்கிலத்திலும் சுலு மொழியிலும், ஆயா தாத்தாவோடு பேச வேண்டியவர்களுக்குத் தமிழிலும், நாக்கு பழகும்வரை சொல்லவைத்தோம். ஒரு மணி நேரம் அதற்கே போனது. ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடக்கூடாது, ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது, யாருக்குத் தொலைபேசி செய்வது என்பது சட்டைப்பையில் எழுதியிருக்க வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான தென்னாப்பிரிக்க அமைப்பு, சாடாக் என்று எல்லாரும் சொல்வது, உதவித் தொலைபேசி நடத்துகிறது. அந்த எண்ணும் உங்கள் பக்கத்துக் கிளினிக் எண்ணும் ஒரே அட்டையில் இருக்கட்டும்.

இனி நம் ஆட்களிடம் மட்டும் பேச வேண்டிய ஒன்று. பிள்ளைக்குக் குரல் கேட்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் போவது பூசாரியிடம். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்பார்கள், இல்லாவிட்டால் சாமி இறங்கியிருக்கிறது என்பார்கள். எங்கள் தொண்டர்களில் சுலு வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டில் இதையே முன்னோர்கள் வைத்தியராக வரச்சொல்லி அழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், உகுத்வாசா என்று பெயர். படித்த தொண்டன் இதைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டு வாசல் அவனுக்கு மூடிவிடும். தைப்பூசத்தில் காவடி எடுத்து அருள் வந்து ஆடுகிறவர் சாயந்திரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார். அது குடும்பத்துக்கே தெரியும். அதையே கேளுங்கள்: "சாமி போனதும் பிள்ளை பழையபடி ஆகிறானா? தூங்குகிறானா, சாப்பிடுகிறானா? பயப்படுகிறானா?" பயப்படுகிறான், தூங்கி ஒரு வாரம் ஆகிறது என்று அவர்களே சொல்லும்போது, கோயிலுக்கும் போவோம், கிளினிக்குக்கும் போவோம் என்று சொல்ல வழி பிறக்கும். விபூதி பூசிவிட்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். பூசாரிகளையும் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். எங்களிடம் ஒரு வயதான பூசாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், இப்போது அவரே பிள்ளைகளை எங்களிடம் அனுப்புகிறார்.

சாட்ஸ்வொர்த் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் ஊரிலும் பொருந்தலாம். ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பகுதி என்று நிறவெறி ஆட்சி போட்ட இனவாரிப் பகுதிச் சட்டத்தின் கீழ், டர்பனின் மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து ஜனங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அறுபதுகளில் போட்ட வீடுகள் இவை. ஒட்டு வீடுகள், பொதுச்சுவர். பக்கத்து வீட்டுச் சண்டை முழுதும் கேட்கும், ஆனால் பிள்ளைக்கு மனநலச் சிக்கல் என்பதை மட்டும் உயிரைக் கொடுத்து மறைப்பார்கள், தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று. அதனால் தொண்டர் வீட்டு வாசலில் நின்று பேசக்கூடாது. வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் போடக்கூடாது. சுகர்ஸ் எடுக்கிற பிள்ளை என்றால் இன்னும் சிக்கல், மட்டமான ஹெராயினில் எதையெதையோ கலந்து விற்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். வீட்டில் திருட்டும் அடிதடியும் நடந்திருக்கும், இரக்கம் வற்றிப்போயிருக்கும். மனச்சோர்வு முதலா, சுகர்ஸ் முதலா என்று தொண்டர் ஆராய வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து உதவி வேண்டும்.

சட்டத்தில் தொண்டருக்கு வேண்டியது கொஞ்சம்தான். 2002-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 72 மணி நேர மதிப்பீடு என்று ஒன்று உண்டு, சம்மதம் தராதவரையும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பரிசோதிப்பது, அது எப்போது நடக்கும் என்பது தெரிந்தால் போதும். மனநோயால் தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு செய்துவிடக்கூடும் என்று பட்டால் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் போலீசுக்கும் அதிகாரம் உண்டு. போலீஸ் வந்தால் "இந்தப் பிள்ளை குற்றவாளி இல்லை, உடம்பு சரியில்லை, இன்ன மாத்திரை எடுக்கிறான்" என்று நிதானமாகச் சொல்ல ஒருமுறை நடித்துப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் எதற்கு, நல்ல மனசு போதாதா என்று சங்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவரிடம் லைஃப் எசிடிமேனி என்ற மனநல மருத்துவமனையின் கதையை நினைவுபடுத்தினேன். ஹவுடெங் மாகாணத்தில் 2016-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல நோயாளிகளை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் இறந்துபோனார்கள். அந்த நிறுவனங்களின் உரிமங்கள் செல்லாதவை என்று சுகாதாரக் குறைகேள் அதிகாரியின் 2017 அறிக்கை சொன்னது. அங்கே வேலை பார்த்தவர்களில் கெட்ட எண்ணமில்லாதவர்களும் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெரியவர் அதற்குமேல் பேசவில்லை.

மறுபக்கம், பயிற்சி பெரிய படிப்பாக இருக்க வேண்டியதில்லை. ஜிம்பாப்வேயில் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிமார்களோடு ஒரு வேலையைத் தொடங்கினார். கிளினிக் வெளியே மரப்பெஞ்சு, அதில் பாட்டி உட்கார்ந்து கேட்பார். டிப்ரெஷன் என்ற சொல்லை அவர்கள் எடுப்பதில்லை. ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். நம் ஆயாக்களும் "புள்ள ரொம்ப யோசனை பண்ணுது" என்றுதானே சொல்கிறார்கள்? அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். என் தொண்டர்கள் வீடுகளில் அதைத்தான் பேசுகிறார்கள், கதவு திறக்கிறது.

கடைசியாக, பிள்ளைகள் தாங்களே எழுதிவைக்கும் ஒரு தாள். எனக்கு முடியாமல் போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது. நலமாக இருக்கும்போது எழுதுவது. தொண்டர்களும் தங்களுக்கு ஒன்று எழுத வேண்டும், அதைப் பயிற்சியில் வைத்தே எழுதச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்தப் பையன் திரும்பி வந்தபின் எழுதிய தாளில் இருந்தவை: "ஆயாவைக் கூப்பிடுங்கள், அம்மாவை வேண்டாம், அம்மா அழுவார். என்னைச் சுற்றி நிற்காதீர்கள். லேட்டாக வந்தால் திட்டுங்கள்."

அவனுக்கு இப்போது 24 வயது. எங்கள் பயிற்சியின் முதல் நாள் காலையை அவன்தான் நடத்துகிறான். உங்கள் ஊர் இங்கிருந்து 80 கிலோமீட்டர்தான், கேட்டால் வருவான். மருத்துவருக்கு நீங்கள் கொடுக்க வைத்திருக்கும் தொகையையே அவனுக்கும் கொடுங்கள், பெட்ரோல் காசு தனி. காலை பதினொரு மணிக்கு மேல் வையுங்கள்.