ரோமில் ஓட்டைச் சுவர்: கடிதம்

வணக்கம் சார்,

போன மாதம் குடும்பத்தோடு ரோம் போயிருந்தோம். இரண்டே நாள். வத்திக்கான் பிரமாதம். ஆனால் கொலோசியத்தில் பாதிச் சுவரைக் காணோம், மிச்சச் சுவர் முழுக்க ஓட்டை. பழைய ரோமின் நடுச்சதுக்கமான ஃபோரம் இன்னும் மோசம், வெயிலில் கிடக்கும் கற்குவியல். "இவ்வளவு செலவு பண்ணி இடிஞ்சதைப் பார்க்கவா வந்தோம்?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுபடி போனால் எதைப் பார்ப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் கேட்டது நியாயம்தான். நான் முதல் தடவை ஃபோரத்தில் நின்றது ஒரு ஆகஸ்ட் மாத நடுப்பகலில். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதைத் தவிர வேறு யோசனையே ஓடவில்லை. (தெருவுக்குத் தெரு குட்டையான இரும்புத் தூணில் குடிதண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அங்கே அதற்கு 'நசோனே' என்று பெயர், பெரிய மூக்கு என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்தது மூன்றாம் நாள்.)

ஆனால் 'இடிந்தது' என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. பாதிக்கு மேல் இடிந்ததல்ல, எடுத்துக்கொண்டு போனது. கொலோசியத்தின் வெளிச்சுவரில் டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல் வகையில் பெரிய பெரிய கற்களைச் சாந்து வைக்காமல் அடுக்கி இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஊரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜனங்கள் கல்லைக் குடைந்து அந்தக் கவ்விகளை உருவிக்கொண்டார்கள், நீங்கள் பார்த்த ஓட்டைகள் அவைதான். தெற்குப் பக்கத்தைச் சரித்தது 1349 பூகம்பம். விழுந்த கல்லை யாரும் சும்மா விடவில்லை, மாளிகை கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள், சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பிரமாதம் என்று எழுதினீர்களே வத்திக்கான், அங்கே புனித பேதுரு பேராலய வேலைக்கும் இந்தக் கல் போயிருக்கிறது. கொலோசியத்தின் மீதிப் பாதியைத்தான் மறுநாள் பார்த்து ரசித்தீர்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். கொஞ்சம் மிகைதான், பரவாயில்லை.

ஃபோரத்தில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். அந்தோனினஸ் பயஸ் என்ற பேரரசர் இறந்துபோன மனைவி ஃபாஸ்டினாவுக்காக 141இல் எழுப்பிய கோயில். முன்னால் பத்துத் தூண்கள், அவற்றுக்குள் பிற்காலத்துத் தேவாலயம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் கதவைப் பாருங்கள். படிக்கட்டுக்கு மேலே, எட்டவே முடியாத உயரத்தில், அந்தரத்தில் தொங்கும்! கட்டியவர்களுக்குப் பைத்தியம் இல்லை, அந்தக் காலத்தில் தரை அவ்வளவு உயரத்தில் இருந்தது. மண்ணும் குப்பையும் மூடி ஃபோரமே மாடு மேயும் புல்வெளியாகக் கிடந்தது, பெயரும் 'காம்போ வாச்சீனோ', மாட்டுத் திடல். பிறகு அகழ்ந்து பழைய தரைவரை இறங்கினார்கள், கதவு மேலேயே நின்றுவிட்டது. எனக்கு ரோமைப் புரியவைத்தது அந்தக் கதவுதான், எந்த வழிகாட்டியும் இல்லை.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி பேரரசர் மாக்ஸென்டியஸின் பெரிய வளைவு மண்டபம். அதற்கு அடியில் இருந்தது அவருக்கு முந்தைய பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு. முசிறியில் ஏற்றிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இது, பேரரசின் நட்டநடுவில் அதற்கென்று தனிக் கிடங்கு. கற்குவியல் என்று தாண்டிப் போனபோது இதையும் தாண்டியிருப்பீர்கள்!

மறுபடி போனால் கொலோசியத்துக்குள் நுழையவே வேண்டாம். வெளியே நின்று வளைவுகளின் மேல் வெட்டியிருக்கும் ரோமன் எண்களைப் பையனைப் படிக்கச் சொல்லுங்கள், 23 முதல் 54 வரை மிஞ்சியிருக்கின்றன, எல்லாம் அன்றைய நுழைவாயில் எண்கள். அப்புறம் பத்து நிமிடம் நடந்தால் சான் கிளெமென்டே தேவாலயம். மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம், படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம், இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டு ரோமானியச் சந்தும் சுவரும், அதற்குள் ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில். கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். நடு அடுக்கின் சுவரோவியம் ஒன்றில் அதிகாரி ஒருவன் வேலையாட்களைத் திட்டுகிறான், லத்தீனில் இல்லை, அன்றைய பேச்சு வழக்கில், அதுவும் அம்மாவை இழுத்து. பேச்சு இத்தாலியன் எழுத்தில் ஏறிய மிகப் பழைய இடங்களில் ஒன்று தேவாலயச் சுவரில் எழுதிய கெட்டவார்த்தை! மகன் வயது தெரியாது, மொழிபெயர்த்துச் சொல்வது உங்கள் பாடு.

'உடையாத ஒன்று' வேண்டுமென்றால் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். நெற்றியில் அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி கட்டியதாக எழுதியிருக்கும், நம்பாதீர்கள், அவருடையது போய்விட்டது, நிற்பது பின்னால் வந்த பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது. 609இல் தேவாலயமாக மாற்றியதால் பிழைத்தது, அப்படியும் முகப்பு மண்டபத்து வெண்கலத்தை ஒரு போப்பாண்டவர் கழற்றிக்கொண்டார். உள்ளே கம்பியே இல்லாத கான்கிரீட் கூரை, 43 மீட்டர் அகலம், தரையிலிருந்து உச்சியும் அதே 43. மேலே போகப்போக எடை குறைந்த எரிமலைக் கல்லாகப் பார்த்துக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் மூடாத வட்டத் துளை.

மழை பெய்தால் ஹோட்டலில் உட்காராமல் அங்கே ஓடுங்கள். துளை வழியாக மழை நேரே உள்ளே இறங்கும், நடுவில் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கிவிடுவார்கள். அப்போது தரையைப் பாருங்கள், பளிங்கில் சின்னச் சின்ன ஓட்டைகள். அவை திருடினவை இல்லை, தண்ணீர் வடிவதற்குக் கட்டியவனே போட்டவை.