இணையத்தில் டெண்டர் போட்டும் ஒரே நிறுவனம்தான் வருகிறதா?

வணக்கம். அரசுக் கொள்முதலை முழுக்க இணையத்துக்கு மாற்றியும் பாதி டெண்டர்களுக்கு ஒரே நிறுவனம்தான் வருகிறது, மென்பொருளை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒற்றை விலைப்புள்ளி வந்த கோப்புகளில் இருபதை எடுத்துத் தகுதி நிபந்தனைகளை மட்டும் படியுங்கள். தேவையே இல்லாத ஆண்டு விற்றுமுதல், ஒரு தயாரிப்புக்கு மட்டுமே பொருந்தும் அளவுகள், ஒரு வாரக் கெடு: கதவு பெரும்பாலும் அங்கேதான் சாத்தப்படுகிறது. தாளில் இருந்த அதே நிபந்தனை திரையிலும் அதைத்தான் செய்யும்.

அப்புறம், பில் பணம் எத்தனை நாளில் போகிறது என்று பாருங்கள். சிறு நிறுவனங்கள் ஒதுங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

தோற்றவர் முறையிடவும் வழி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய கொள்முதல்களுக்கு, முடிவை மின்னணு வழியில் தெரிவித்தபின் குறைந்தது 10 நாள் கழித்தே ஒப்பந்தம் போட முடியும். உக்ரைனில் 2016-இல் கட்டாயமான புரோசோரோ என்ற அரசுக் கொள்முதல் தளத்தில், ஏலம் முடிந்ததும் எல்லாருடைய விலைகளையும் யாரும் பார்க்கலாம். உங்கள் தளத்தில் தோற்ற விலைகள் தெரிகின்றனவா? இல்லையென்றால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள்.