தோட்டத்து வீட்டுக்குக் கரடி வருகிறது, மின்வேலி போடலாமா?

பேரையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், பின்வாசல் வரைக்கும் கரடி வந்து போகிறது, சுற்றிலும் கம்பி கட்டிக் கரண்ட் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானையும் புலியும் இருக்கிற முதல் அட்டவணையில்தான் கரடியும் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி மோட்டார் போடப் போகிற உங்கள் அப்பாவே அந்தக் கம்பியில் கால் வைத்துவிட்டால்?

கரடி எதற்காக வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது புரியவே ரொம்ப நாள் ஆனது.

சாப்டூர் மலைக்குக் கீழே எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு, நடுவில் ஓட்டு வீடு. பின்சுவரிலிருந்து பத்தடியில் ஒரு கரையான் புற்று, இடுப்பு உயரம் இருக்கும். அப்பத்தா அதற்கு மஞ்சள் துணி சுற்றி, வெள்ளிக்கிழமை பால் ஊற்றி, நல்லெண்ணெய் விளக்கு வைப்பார். இடித்துவிடலாம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "புத்துல கை வச்சா குடும்பத்துக்கு ஆகாதுய்யா" என்று ஒரே பிடிவாதம்.

2018 வைகாசி மாதம், ராத்திரி ஒரு மணி இருக்கும். 'பூ... பூ...' என்று ஊதுகிற சத்தம், அப்புறம் எதையோ உறிஞ்சுகிற சத்தம். தண்ணீர் வற்றிய போரில் மோட்டார் காற்றை இழுக்குமே, அந்த மாதிரி. மோட்டார்தான் ஓடுகிறது என்று நினைத்து அப்பா எழுந்து போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். அப்பத்தாதான் கையைப் பிடித்து இழுத்தார். "ஏய்யா, திறக்காத. கரடி புத்து ஊதுது."

ஜன்னல் வழியாக டார்ச் அடித்தோம். செம்மண் ஒட்டிய மூக்கோடு நிமிர்ந்து பார்த்தது. நெஞ்சில் வெள்ளைப் பட்டை. முதுகில் ஒரு குட்டி, முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. குட்டியோடு நிற்கிற தாய்க்கரடி முன்னால், பத்தடி தூரத்தில், அப்பா கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

விடிந்து பார்த்தால் தோள் வரை கை போகிற அளவுக்குப் பள்ளம், மண்வெட்டியால் இழுத்தது போல நகக்கீறல். விளக்கு கவிழ்ந்து கிடந்தது, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது, அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சும், மண் ஏறாமல் மூக்கை மூடிக்கொள்ளும் என்று பார்க்க வந்த வனவர் சொன்னார். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் கதவையே உடைத்துக்கொண்டு விளக்கு எண்ணெயைக் குடிக்கப் போவதையும் சொன்னார். அப்பத்தா கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவளே எடுத்துட்டா, இனி நம்ம மேல குத்தமில்ல" என்று அவரே ஆள் வைத்து மண்ணை நிரவச் சொன்னார். அன்றிலிருந்து விளக்கு வீட்டுக்குள்தான்.

ஆனாலும் அது அடுத்த வருஷமும் வந்தது. எச்சத்தில் மாம்பழத் தோலும் ஈச்சங்கொட்டையுமாக இருந்தது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காற்றில் உதிர்ந்த சப்பட்டைப் பழத்தைப் பொறுக்குவதே இல்லை. கூலி கட்டாது என்பார். மரத்தடியில் பழம் அழுகி, வாசனை மலை வரைக்கும் போகும். பேசிய பணத்திலும் பாதிதான் கொடுத்தார். விலை இறங்கிவிட்டது என்று மீதிக்கு இரண்டு வருஷம் அலையவிட்டார். விலை ஏறிய வருஷம் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தாரா? காய்க்கிற மரம் எங்களுடையது, ராத்திரி பயந்து கிடப்பதும் நாங்கள், லாபம் மட்டும் அவருக்கு. இப்போது குத்தகையை நிறுத்திவிட்டு நாங்களே தினமும் சாயங்காலம் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுகிறோம். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தடம் பார்க்கவில்லை. தோப்பு ஓரம் போகிறது, போகட்டும்.

கரடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் சித்தப்பா கரடியிடம் இடது கண்ணைப் பறிகொடுத்தவர். விடியற்காலையில் ஓடைப் பக்கம் ஒதுங்கப் போனார், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, சத்தமே இல்லாமல். கரடிக்கு மோப்பம்தான் கூர்மை, கண்ணும் காதும் மந்தம். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கிட்டே போகிற வரைக்கும் நாம் வருவது அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் முகத்தில்தான் பாயும். எங்கள் மலையில் புலிகள் காப்பகம் வந்துதான் இதெல்லாம் என்று சிலர் சொல்கிறார்கள். திருவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகம் அறிவித்தது 2021-ல். சித்தப்பாவுக்குக் கண் போனது அதற்கு எவ்வளவோ முன்னால்.

அதனால் உங்கள் பெற்றோருக்கு முதலில் வீட்டை ஒட்டிக் கழிப்பறையும் அதற்கு ஒரு லைட்டும் போட்டுக் கொடுங்கள். இருட்டில் வெளியே போனால் டார்ச்சோடு, பேசிக்கொண்டோ கம்பைத் தட்டிக்கொண்டோ போகச் சொல்லுங்கள். நாயை ராத்திரி கட்டிப் போடுங்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு நேராக எஜமானிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே கரடியும். வெடி போட்டுத் துரத்த வேண்டாம், மிரண்டு எந்த வீட்டுக்குள் புகும் என்று சொல்ல முடியாது. வனச்சரக அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றபடி அந்தப் பின்வாசலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே. புற்றா, பலா மரமா, தேன்கூடா, மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கா? இன்றைக்கே அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.