பெர்க்லிக்கு மாறும் வழி

கேள்வி: சாட்ஸ்வொர்த்திலிருந்து சென்ற என் மகள், கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் எனும் ஈராண்டுக் கல்லூரியின் முதலாண்டில் படிக்கிறாள். பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாற இப்போதே என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், டர்பன்

பதில்: அம்மா, மூன்றாமாண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட்டுகள் (பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அலகுகள்) வேண்டும்; ஆனால் அந்த எண்ணிக்கை மட்டும் போதாது, விரும்பும் துறை கேட்கும் ஆயத்தப் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும் என்பதால், எந்தப் பாடம் அங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் மகள் இந்தப் பருவத்திலேயே பார்த்துவிடட்டும். வெளிநாட்டு மாணவருக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி (GPA) 4-க்கு 2.8 என்றாலும், பெர்க்லியில் இடம் பெறுவோரின் சராசரி அதைவிட மிக உயர்ந்தது. நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் நிச்சயம் என்னும் உறுதிச் சேர்க்கைத் திட்டமும் அங்கே கிடையாது. பெர்க்லியைப் போலவே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிஸ், அர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்களில் பல துறைகளுக்கு அது உண்டு, அவற்றில் ஒன்றுக்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்கும்படி நான் வற்புறுத்துவேன். ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள் அமைய வேண்டிய, விண்ணப்பத்துக்கான நான்கு கட்டுரைகளையும் அவளே எழுதட்டும்.