கேள்வி–பதில்: தெருவில் குவியும் பனி

கேள்வி: பனி விழும் முன்பே சாலையில் உப்புநீர் தெளிப்பது ஏன்? உப்புப் போட்டும் சில நாள் வழுக்குகிறதே?

பதில்: பனி தார்ச்சாலையோடு ஒட்டி இறுகிவிட்டால் இரும்புத் தகட்டால் சுரண்டினாலும் லேசில் வராது. ஒட்டவிடாமல் தடுக்கத்தான் உப்புநீர். அதில் எடைக்கணக்கில் சுமார் 23 சதவீதம் உப்பு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. கூடினாலும் குறைந்தாலும் அதற்கு முன்பே உறையத் தொடங்கும். முதலில் மழை, பிறகு பனி என்று வானிலை அறிவிப்பு சொன்னால் தெளிக்கவே கூடாது, மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

தெருவில் கணக்கு வேறு. காற்றை விடுங்கள், சாலைப்பரப்பின் வெப்பநிலையைப் பாருங்கள். அது மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பு மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். உருகிய நீர் சேரச்சேரக் கரைசல் நீர்த்து மறுபடி உறையும். நீங்கள் சொல்லும் வழுக்கல் அதுதான். அப்போது இன்னும் கடுங்குளிரிலும் பனியை உருக்கும் கால்சியம் குளோரைடு என்ற வேறு உப்பைக் கலப்பார்கள், அல்லது பிடிமானத்துக்கு மணலோ பொடிக்கல்லோ தூவுவார்கள். மணல் எதையும் உருக்காது. குளிர் முடிந்ததும் கூட்டி அள்ளாவிட்டால் வடிகாலை அடைக்கும். காய்ந்த உப்பு சாலையில் பட்டுத் துள்ளி ஓரத்துக்கு ஓடும் என்பதால் நனைத்துத் தூவுகிறார்கள். கனத்த பனியின் மேல் உப்பைக் கொட்டுவது வீண்செலவு. முதலில் தள்ள வேண்டும், பிறகுதான் தூவ வேண்டும்.

கேள்வி: தள்ளிய பனி எங்கே போகிறது?

பதில்: உண்மையான தலைவலி இதுதான். ஓரத்தில் குவித்தால் நடைபாதையும் வீட்டு வாசலும் மூடிக்கொள்ளும். கனடாவின் மாண்ட்ரியலில் 10 முதல் 15 செ.மீ. சேர்ந்ததும் அள்ளத் தொடங்குகிறார்கள். வாகனம் நிறுத்தத் தடைப் பலகை வைத்து, சைரன் ஒலித்து, நகராத கார்களை இழுத்துப் போகிறார்கள். ஒரு கார் நின்றாலும் அந்த இடத்தில் பனி அப்படியே தங்கிவிடும். பிறகு ஊதும் இயந்திரம் பனியை வாரி லாரிக்குள் வீசி நிரப்பும். லாரிகள் அதைப் பழைய ஃபிராங்கோன் கல்குவாரி போன்ற கிடங்குகளிலோ, கழிவுநீர்க் குழாய்க்கு இறங்கும் திறப்புகளிலோ கொட்டும். அழுக்கும் உப்பும் கலந்த பனியை ஆற்றில் தள்ளுவது சரியல்ல.

கேள்வி: தண்ணீர் விட்டே உருக்க முடியாதா?

பதில்: ஜப்பானின் நாகவோகாவில் 1961 முதல் நிலத்தடி நீரைச் சாலை நடுவில் பதித்த குழாய்த் துளைகளால் பீச்சுகிறார்கள். கடுங்குளிரில்லாத, ஈரப்பனி விழும் ஊருக்குத்தான் அது சரி. மைனஸ் 15-இல் செய்தால் சாலையே பனிச்சறுக்குத் தளமாகும். அங்கேயும் நீரை அதிகம் இறைத்ததில் நிலம் தாழ்ந்தது.