மீன்கொத்தி மூக்கு, கரையான் புற்று, தாமரை இலை: கேள்வி பதில்

இயற்கையைப் பார்த்து இயந்திரம் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இயந்திர வடிவமைப்புதான் என் பிழைப்பு. உயிரியல் நான் படித்துத் தெரிந்துகொண்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஜப்பான் புல்லட் ரயிலின் மூக்கை மீன்கொத்தியைப் பார்த்துச் செய்தார்களாமே. உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வருவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது.

ஒசாகாவிலிருந்து ஹகாட்டா போகும் சான்யோ பாதையில் ஏறக்குறைய பாதி தூரம் சுரங்கம். ரயில் வேகமாக உள்ளே நுழையும்போது, சைக்கிள் பம்பை அழுத்துவது மாதிரி முன்னால் இருக்கும் காற்று நெருக்கப்படும். அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தில் ரயிலை முந்திக்கொண்டு ஓடி, மறுவாயில் வெடிபோலக் கேட்கும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

அந்த ரயில்வேயின் பொறியாளர் எய்ஜி நகாட்சுவுக்குப் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. காற்றிலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்தும் மீன்கொத்தி அதிகம் தெறிக்கவிடுவதில்லையே என்று யோசித்தார். உடனே போய் அலகை அச்செடுத்துவிடவில்லை. விதவிதமான முனை வைத்த குண்டுகளைக் குழாய்க்குள் சுட்டு அழுத்தத்தை அளந்தார்கள். கணினியிலும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தேறிய வடிவம் மீன்கொத்தி அலகை ஒத்திருந்தது. 1997-ல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயில் அதுதான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், மூக்கு மட்டும் 15 மீட்டர் நீளம்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. விஷயம் முனையின் கூர்மையில் இல்லை. மூக்கை வாழைக்காய் மாதிரி வட்டம் வட்டமாக நறுக்கினால், ஒவ்வொரு துண்டின் பரப்பும் முந்தையதைவிடக் கொஞ்சமே கூடியிருக்கும். திடீரென்று பருத்தால் காற்று முட்டும், நிதானமாகப் பருத்தால் வழிவிடும்.

அவ்வளவு நல்ல வடிவம் என்றால், அடுத்து வந்த ரயில்களுக்கு ஏன் வாத்து மூக்கு?

நல்ல கேள்வி. 15 மீட்டர் மூக்கு பயணிகளின் இடத்தைத் தின்றுவிட்டது. கடைசிப் பெட்டிகளில் இருக்கைகள் குறைந்தன, ஓட்டுநர் பக்கம் பயணிகள் ஏறும் கதவும் வைக்க முடியவில்லை. முக்கியம் துண்டின் பரப்புதானே, அது வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டமா? 1999-ல் வந்த 700 வரிசையில் அதே பரப்பைத் தட்டையாகப் பரப்பி, மூக்கை 9 மீட்டர் சொச்சத்தில் முடித்தார்கள். வேகமும் 285-தான். பறவை போய்விட்டது, அது சொல்லிக்கொடுத்த கணக்கு மட்டும் தங்கிவிட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்தப் பகுதிதான்.

நாயுருவியைப் பார்த்துத்தான் வெல்க்ரோ செய்தார்கள் என்று மகனிடம் சொன்னேன். சரிதானே?

செடி வேறு. செருப்பிலும் பையிலும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையில் ஒரு பக்கம் குட்டிக் கொக்கிகள், அவை மறுபக்கத்து வளையங்களில் மாட்டிக்கொள்ளும். நாயுருவி கூர்முனையால் துணியில் குத்தி ஒட்டுகிறது, அதில் கொக்கி கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941-ல் நாயோடு நடந்துபோய் வந்து பார்த்தது பர்டாக் என்ற செடியின் காயை. நம் ஊரில் காட்டவேண்டும் என்றால் மருளூமத்தைக் காயை எடுத்து உருப்பெருக்கியில் காட்டுங்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் வளைந்திருக்கும்.

பார்த்தது ஒரு நாள், செய்து முடிக்கப் பல வருடம். நைலான் நூலை வளையமாக நெய்து, சூட்டில் இறுகவைத்து, ஒரு பக்கமாக வெட்டினால்தான் கொக்கி கிடைக்கும். 1955-ல்தான் காப்புரிமை வந்தது.

கரையான் புற்றைப் பார்த்து ஆப்பிரிக்காவில் ஏசி இல்லாத கட்டடம் கட்டியிருக்கிறார்களே, சென்னையில் முடியாதா?

நீங்கள் சொல்வது ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் சென்டர், 1996. இரவில் மின்விசிறிகள் குளிர்ந்த காற்றைத் தளங்களின் அடியில் இழுத்துவிடும். கான்கிரீட் குளிர்ந்துகிடக்கும், பகலில் அந்தக் குளிர்ச்சி அறைகளுக்கு வரும், வெப்பக் காற்று புகைபோக்கிகள் வழியே மேலே போகும்.

வேடிக்கை என்னவென்றால், புற்று அப்படி வேலை செய்வதில்லை. ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் இருவரும் நமீபியப் புற்றுகளை ஆராய்ந்தபோது, கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்தே பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது தெரிந்தது. அந்த உயர்ந்த மேடு குளிரூட்டி இல்லை, நுரையீரல் மாதிரி. வெளிக்காற்றின் அசைவை வைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. தப்பாகப் புரிந்துகொண்டதில் ஒரு நல்ல கட்டடம் கிடைத்திருக்கிறது!

சென்னைக்கு? ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், இரவில் குளிரும். மே மாதம் சென்னையில் இராத்திரி மொட்டைமாடியில் நின்று பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு எந்த உயிரினத்தை எடுக்கலாம்?

உயிரினத்தை விடுங்கள், பிரச்சினையைச் சொல்லுங்கள். எது தேய்கிறது, எது சூடாகிறது, எது சத்தம் போடுகிறது? நகாட்சு அப்படித்தான் ஆரம்பித்தார்.

தாமரை இலை பெயிண்ட் அடித்தால் வீட்டுச் சுவர் அழுக்கே ஆகாதாமே?

இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டி மேடுகள், அவற்றின் மேல் மெழுகு இழைகள். தண்ணீர் அந்த உச்சிகளில் மட்டும் உட்காருவதால் உருண்டு ஓடும், போகிறபோக்கில் தூசியையும் கூட்டிக்கொண்டு போகும். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை விளக்கினார். 1999-ல் பெயிண்டாகவும் வந்தது.

ஒரு தாமரை இலையை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தேய்த்த இடத்தில் ஒட்டும். குழந்தைகள் கை வைக்கும் சுவருக்கும் அதே கதிதான். அப்புறம், கழுவுகிற வேலையைச் செய்வது மழை. தாழ்வாரத்துக்கு உள்ளே மழை படாத சுவரில் அடித்தால் காசுதான் வீண். மழை அடிக்கும் வெளிச்சுவர் இருந்தால் அதற்கு மட்டும் யோசியுங்கள்.